மற்றவை: ஐம்பத்தேழு

அந்தத் தடுப்பணையில் வேலை பார்த்த முப்பத்தொரு பேரில், மீனைப் பார்ப்பதற்காகச் சம்பளம் வாங்கியவர் ஒரே ஒருவர். மற்ற முப்பது பேரும் அதற்கெனத் தனிச் சம்பளம் எதுவும் வாங்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குக் கண்ணாடியார் என்று பெயர் வைத்தது அந்த முப்பது பேர்தான். மூக்கில் கண்ணாடி போட்டவர் என்பதால் அல்ல. ஐம்பத்திரண்டு வயதிலும் ஊசியில் நூல் கோக்கிற பார்வை அவருக்கு. அணையின் ஓரமாக, மீன்கள் ஆற்றின் மேல்பக்கம் ஏறிப் போகட்டும் என்று ஒரு வாய்க்காலைத் தொட்டிதொட்டியாக, படிப்படியாகக் கட்டியிருந்தார்கள். மீன்படி என்று அதற்குப் பெயர். அதன் பக்கத்தில் தரைக்குக் கீழே ஒரு சின்ன அறை. இறங்குவதற்கு இருபத்திரண்டு இரும்புப் படிகள். அறையின் ஒரு சுவரில் கதவகலத்துக்குத் தடித்த கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சைத் தண்ணீர். இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, ஒரு மேசை, காற்றைவிட ஓசையை அதிகம் தருகிற ஒரு மின்விசிறி, அப்புறம் அவர்.

ஒரு மீன் கடந்தால் கையிலிருக்கும் கிளிக்கரில் அந்த இனத்துக்கான பொத்தானை ஒரு தடவை அமுக்க வேண்டும். சாயங்காலம் படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் மூன்று கட்டங்கள்: ஏறுமீன், அணைமீன், மற்றவை. இந்த வேலையைப் பன்னிரண்டு வருடமாக அவர் செய்துவந்தார். ஒரு நாட்டின் எல்லையில் நிற்கிற காவலருக்குரிய கம்பீரத்தோடு செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே வித்தியாசம், இந்த எல்லையில் கடந்தவர் யாரும் அவரை மதித்து நின்றதில்லை.

படிவத்தின் முதல் கட்டத்துக்காகத்தான் படி, அறை, கண்ணாடி, கண்ணாடியார் எல்லாமே. ஏறுமீன் என்பது கடலில் வாழ்கிற மீன். கடலோரமாக வளரும், கொழுக்கும், ஊரெல்லாம் சுற்றும். முட்டை போடுகிற நேரம் வந்தால் மட்டும் உப்புத் தண்ணீர் ஆகாது. புது வெள்ளத்தின் வாசனை பிடித்து ஆற்றுக்குள் நுழைந்து, எதிர்நீச்சல் போட்டு, மேலே மணலும் சரளையுமாக இருக்கும் இடத்துக்குப் போய் முட்டை போட்டுவிட்டுத் திரும்பும். அணை கட்டிய பிறகு அதற்கு வழி அடைந்தது. வழியை அடைத்த அதே துறை, கொஞ்ச வருடம் கழித்துப் பெருந்தன்மையோடு ஒரு படியைக் கட்டிக்கொடுத்து, 'வருகிறதா பார்' என்று கண்ணாடியாரை உட்கார வைத்தது.

வரவில்லை. அதாவது, வந்ததாகப் படிவத்தில் இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏறுமீனுக்கு ஓர் ஒன்றுவிட்ட சகோதரி இருக்கிறாள், அணைமீன். அவள் கடலையே பார்த்ததில்லை. அணைத் தண்ணீரில் பிறந்து, அங்கேயே குடும்பம் நடத்தி, அங்கேயே முடிந்துபோகிறவள். இரண்டுக்கும் அதே வெள்ளி மேனி, அதே அகன்ற உடம்பு, அதே முள்ளு. அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். வித்தியாசம் மூன்றே மூன்று. செவுளுக்குப் பின்னால் அணைமீனுக்கு ஒரே ஒரு கறுப்புப் பொட்டு. ஏறுமீனுக்கு அதன் பின்னால் இன்னும் இரண்டு மூன்று, தேய்ந்துகொண்டே போகும். ஆனால் செதில் மினுக்கத்தில் அது ஒரு கணம் தெரியும், மறுகணம் தெரியாது. இரண்டாவது, ஏறுமீனின் வயிற்று விளிம்பு ரம்பம் போலிருக்கும். வாலிலிருந்து தலைப்பக்கம் விரலை ஓட்டினால் கீறும். மூன்றாவதும் முக்கியமானதும், மேலுதட்டின் நட்டநடுவில் ஏறுமீனுக்கு ஒரு வெட்டு இருக்கும். கட்டைவிரல் வைத்துப் பார்த்தால் நகம் அதில் உட்காரும்.

ஆக, உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் விரல் வேண்டும். துறை அவருக்குக் கொடுத்திருந்ததோ கண்ணாடி.

இவ்வளவையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது துறையின் கையேடு அல்ல, அவருடைய மனைவி. கழிமுகத்துத் துறைமுகத்தில் பிறந்தவள். கல்யாணமாகி ஆற்றோர அணைக் குடியிருப்புக்கு வந்த முதல் வாரத்திலேயே, சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டு, "இந்தக் காத்துல உப்பே இல்லையே" என்று குறை சொன்னவள். இருபத்தொரு வருடம் உப்பில்லாத காற்றில் குடித்தனம் செய்தாள். மகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். அதற்குள் கணவர் கண்ணாடிக்குப் போய்ச் சேர்ந்தார். பகலெல்லாம் பேசாமல் பச்சைத் தண்ணீரைப் பார்த்தவர், வீட்டுக்கு வந்ததும் அதே மாதிரி சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் குறுக்கே நடந்தால் கட்டைவிரல் தானாகத் துடித்தது.

"என்னையும் எந்தக் கட்டத்துல போடறதுன்னு யோசிக்கிறீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அவர் உண்மையாகவே யோசித்தார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

ஒன்பது வருடம் முன்பு அவளுடைய அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பத்து நாளுக்காகத் துறைமுகம் போனாள். அம்மா மூன்று மாதம் படுத்துக் கிடந்து போய்ச் சேர்ந்தார். அதற்குள் மீன் தரம்பிரிக்கும் கூடத்தில் தற்காலிகமாக வேலைக்குப் போனவளை, அவளுடைய விரல்களின் திறமையைப் பார்த்துவிட்டு அங்கேயே நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். சாமான் எடுத்துப் போக ஒரு தடவை வந்தாள். பஸ் நிலையத்தில் அவர் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, பஸ் கிளம்பிய பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"எப்ப வருவே?"

அவள் ஜன்னலிலிருந்து கழுத்தை நீட்டி, "உங்க ஏறுமீன் எப்ப வருதோ அப்ப நானும் வரேன். வந்தா சொல்லி அனுப்புங்க" என்றாள்.

வேறு எந்தப் புருஷனும் இதைக் கோபத்தில் சொன்ன பேச்சு என்று எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பான். கண்ணாடியார் அரசு ஊழியர். எழுத்திலோ வாய்மொழியிலோ வந்த ஆணையை அதன் வாசகப்படியே நிறைவேற்றிப் பழகியவர். மறுநாள் காலை கண்ணாடியைத் துணி போட்டுத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வருட வெள்ளத்தில், ஒரு முற்பகலில், ஒரு பெரிய வெள்ளி உடம்பு கண்ணாடியின் முன்னால் இரண்டு விநாடி நின்றது. பொட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியதாக அவருக்குப் பட்டது. ஓடிப்போய் மீன்படியின் மேல் தொட்டியில் வலைபோட்டு அள்ளி வாளியில் விட்டார். மைத்துனருக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி துறைமுகத்தில் ஐஸ் லாரி ஓட்டுகிறவர். வாரத்துக்கு இரண்டு முறை கடல் மீனை ஐஸில் புதைத்து ஆற்றோரச் சந்தைக்குக் கொண்டுவருவார். கடல் மீன் லாரியில் தவறாமல் ஏறி வந்தது; படியில்தான் ஏறவில்லை. அவரை அணையில் எல்லாரும் ஐஸ்காரர் என்பார்கள்.

"அக்காகிட்ட சொல்லுப்பா. வந்துடுச்சு."

நாலு மணி பஸ்ஸில் அவள் வந்துவிட்டாள். கையில் ஒரே ஒரு பை; ஆனால் பெரிய பை. இரும்புப் படியில் இறங்கும்போது பதினோராவது படியில் நின்றாள். அந்த இடத்தில் எப்போதும் ஈரம், பாசி. "இந்தப் படிக்கு ஒரு கைப்பிடி வெக்க மாட்டாங்களா? மனுஷன் இறங்கறதா, விழறதா?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் கண்ணாடியாருக்கு அறைக்குள் மின்விசிறி ஓடுவதே மறந்துபோனது.

வாளிக்குள் கையை விட்டாள். கட்டைவிரலை மீனின் உதட்டில் வைத்தாள். எடுத்தாள்.

"இது அணைமீன்."

டீ குடித்தாள். பையைத் திறக்காமலேயே ஆறரை மணி பஸ்ஸில் திரும்பிப் போனாள். அவர் கூடவே போய் பெட்டியில்லாத கையோடு நின்றார்.

அன்றைக்கு அவர் ஒரு சபதம் செய்துகொண்டார். இனி விரலளவு சந்தேகம் இருந்தாலும் எந்த மீனையும் ஏறுமீன் என்று எழுதுவதில்லை. அணைமீன் என்று எழுதவும் மனசு வராது. அப்படிப்பட்டவர்களுக்காகவே கருணையுள்ள யாரோ ஓர் அதிகாரி மூன்றாவது கட்டத்தை வைத்திருந்தார். மற்றவை.

கூடவே, வருடத்துக்கு ஒரு முறை மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதத் தொடங்கினார். 'கண்காணிப்பு அறைக்கு இறங்கும் படிக்கட்டில் பணியாளர் பாதுகாப்பு கருதிக் கைப்பிடி அமைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' பணியாளர் என்பது அவர் ஒருவர்தான். அவர் பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட வழுக்கியதில்லை. உதவிப் பொறியாளர் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் படித்துவிட்டு, "கண்ணாடியாரே, கண்ணை மூடிக்கிட்டு இறங்குவீங்களே, உங்களுக்கு எதுக்குக் கைப்பிடி?" என்பார். "யாராவது வந்தா, சார்" என்பார் இவர். "யாரு வரா?" என்பார் அவர். அத்தோடு அந்த வருடத்துக் கைப்பிடி முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் மனைவி போன் பண்ணுவாள். மாத்திரை போட்டீர்களா, மகள் பேசினாளா, கூரை ஒழுகுகிறதா. எல்லாம் முடிந்து வைக்கப்போகிற நேரத்தில், வேறு யாரைப் பற்றியோ விசாரிப்பது போல ஒரு கேள்வி.

"வந்துச்சா?"

"இல்ல."

"சரி, வெச்சிடறேன்."

மகள் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்தினாள். "அப்பா, நீங்களே போய் அம்மாவைக் கூட்டிட்டு வரக் கூடாதா? இல்ல, வான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிம்மா சொல்றது? மீன் இன்னும் வரலையே."

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லா அமைஞ்சிருக்கீங்க" என்று சொல்லி மகள் போனை வைத்துவிட்டாள்.

இந்த நிலையில்தான், ஒன்பதாவது வெள்ளம் வடியத் தொடங்கியபோது, உதவிப் பொறியாளர் இருபத்திரண்டு படியும் இறங்கிக் கீழே வந்தார். அவர் கீழே வருவது அபூர்வம். நல்ல செய்தியோடு வந்ததே இல்லை.

"கண்ணாடியாரே, மேலேருந்து ஆர்டர். மீன்படியை மூடறாங்க. வாய்க்கால் வாயில ஒரு கான்கிரீட் சுவர். பன்னிரண்டு வருஷமா ஏறுமீன் கட்டத்துல சுழியம். சுழியத்துக்கு எதுக்கு ஒரு படி, ஒரு ஃபேன், ஒரு ஆள்னு கேக்கறாங்க. உங்களைப் பம்ப் ஹவுஸுக்கு மாத்தறோம். அங்க மீட்டர் பாக்கலாம். அதுவும் கண்ணாடிதான்."

கண்ணாடியார் எழுந்து நின்றார். உட்கார்ந்தார்.

"சுவர் வெச்சுட்டா அப்புறம் வரவே முடியாதே சார்."

"யாரு?"

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பொறியாளருக்கு என்ன தோன்றியதோ, ஆணையைத் திருப்பிப் பார்த்தார். "அடியில ஒரு வரி இருக்கு. பதினஞ்சு நாளுக்குள்ள ஒரே ஒரு ஏறுமீன் கிடைச்சு, துறைமுகத்து ஆய்வுக்கூடத்துல உறுதி பண்ணிச் சான்றிதழ் வாங்கினா, சுவரைத் தள்ளிப்போடலாம். ஒண்ணு போதும். பிடிக்க அனுமதியும் கொடுத்திருக்காங்க. ஒண்ணுக்கு மட்டும்."

பதினைந்து நாள். கண்ணாடியார் மதியச் சோற்றைக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார். சிறுநீர் கழிக்கப் போகும்போதுகூட கண்ணாடியைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து போனதாக மதகுக்காரர் ஊரெல்லாம் சொன்னார். மதகுக்காரர் அணையின் ஷட்டர்களை ஏற்றி இறக்குகிறவர். அதில் மிஞ்சுகிற நேரத்தில் வதந்திகளை ஏற்றி இறக்குவார்.

"கண்ணாடியாரே, மீன் வராட்டி என்ன பண்ணப் போறீங்க?"

"வரும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அணைமீன்கள் வந்தன, போயின. இந்தப் பதினைந்து நாளில் சந்தேகத்துக்கு இடமான ஒன்றுகூட வரவில்லை. சுவர் கட்ட வேண்டிய சிமெண்ட் மூட்டைகள் வந்து மேலே அடுக்கப்பட்டன. மீன்படிக்கு யாரும் காட்டாத அக்கறையோடு அவற்றின் மேல் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

பதினான்காம் நாள் காலை பத்தரை மணி. கண்ணாடியின் மேல் மூலையில், முகத்தை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு ஒரு வெள்ளி மீன் நின்றது. வாலை அசைத்தது. முன்னே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளப்பட்டு வந்தது. மெலிந்திருந்தது, ஓரத்துத் துடுப்பு கிழிந்திருந்தது. செவுளுக்குப் பின்னால் ஒரு பொட்டு. இன்னொன்று. இன்னொன்று. நாலாவதும் இருந்தது. இந்தத் தடவை அது நகரும் அவசரத்தில் இல்லாததால், அவர் மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் நாலு.

பாவம், ஏற முடியாமல் தவிக்கிறது என்று நினைத்தார். இவ்வளவு தூரம் வந்து கடைசிப் படியில் கால் தளர்ந்தவளைப் போல. அவர் படிகளில் ஓடினார். கைப்பிடி இல்லாமலேயே ஓடினார். வலையைக் கீழ்த் தொட்டியில் இறக்கி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, வாளியில் விட்டார். அது இரண்டு தடவை வாயைத் திறந்து மூடியது. அவ்வளவுதான். இந்த இனம் தண்ணீரைவிட்டு எடுத்தால் தாங்காது என்று மனைவி சொல்லியிருந்தாள். அவர் மறக்கவில்லை; அவ்வளவு சீக்கிரமாக என்று நினைக்கவில்லை.

உதட்டில் விரல் வைத்துப் பார்க்கலாம். விரல் போனது. எடுத்துவிட்டார். எட்டு வருடமாகத் தன்னையே நம்பாமல் பழகிய விரல், ஒரே நாளில் எப்படி நம்பும்?

மத்தியானம் சந்தையில் சரக்கு இறக்கிவிட்டு ஐஸ்காரர் காலி லாரியோடு வந்தார். எட்டிப் பார்த்தார்.

"மாமா, இது…"

"நீ ஒண்ணும் சொல்லாதே. ஐஸ் இருக்கா?"

"ஐஸ் லாரில ஐஸ் இருக்கான்னு கேக்கற ஒரே ஆள் நீங்கதான். ஏறுங்க."

நாலு மணி நேரப் பயணம். ஆறு வலப்பக்கம் கூடவே வந்தது. மீன் ஐஸ் பெட்டிக்குள், பெட்டி கண்ணாடியாரின் மடியில். ஒன்பது வருடம், அது மேலே வரட்டும் என்று காத்திருந்தார். இப்போது அதைத் தூக்கிக்கொண்டு அவரே கீழே போய்க்கொண்டிருந்தார். இந்த வழியில் தானும் எந்த நாளிலும் வந்திருக்கலாம், நாலே மணி நேரம் என்கிற விஷயம் பாதி வழியில் அவருக்கு உறைத்தது. பெட்டியின் மூடியை ஒருதரம் திறந்து மூடிக்கொண்டார்.

"அக்காவுக்குச் சொல்லவா, மாமா?"

"வேண்டாம். முதல்ல ஆய்வுக்கூடம். இது அலுவல் விஷயம்."

"ஆமா ஆமா, ரொம்ப அலுவல்" என்றார் ஐஸ்காரர். "சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க. அலுவலுக்கு முன்னாடி அதைச் சரி பண்ணிக்குங்க."

ஆய்வுக்கூடத்தில் ஆய்வாளர் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு மீனைப் புரட்டினார். செவுளைத் தூக்கினார். ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்தார். மூடினார்.

"இருக்கலாம்" என்றார். "செவுள் முள்ளையெல்லாம் எண்ணி அறிக்கை கொடுக்க நாலு வாரமாகும்."

"நாளைக்குள்ள வேணுங்க. நாளன்னைக்கு சுவர் வெக்கறாங்க."

ஆய்வாளர் அம்மா அவரையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லாதீங்க. எங்களுக்கு அவசரச் சந்தேகம்னா தரம்பிரிக்கிற கூடத்துல ஒரு அம்மா இருக்காங்க, அவங்ககிட்டதான் போவோம். அவங்க விரல் இதுவரைக்கும் தப்பினதில்ல. அவங்க சொன்னா நான் இன்னிக்கே கையெழுத்துப் போடறேன். வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

"தெரியும்" என்றார் கண்ணாடியார். "எனக்கு வழி தெரியாது, அம்மாவைத் தெரியும்."

கூடம் நீளமாக இருந்தது. நடுவே எஃகு மேசைகள், இருபுறமும் ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள். தரையெங்கும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காற்றில் உப்பு, அள்ள அள்ள உப்பு. கடைசி மேசையில், வருகிற மீன்களைப் பார்க்காமலேயே இடமும் வலமும் எறிந்துகொண்டிருந்தவள், தலை நிமிரவில்லை. தலையில் பாதி நரைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் குரலில் நரை தெரிந்ததில்லை.

"அம்மா, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார் ஆய்வாளர் அம்மா.

அவள் கையை நீட்டினாள். ஐஸ் பெட்டியிலிருந்து மீனை எடுத்துக் கொடுத்த கையை மட்டும் பார்த்தாள். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். கிளிக்கர் அமுக்கி அமுக்கிக் காய்த்துப்போன விரல். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"இளைச்சுட்டீங்க" என்றாள்.

"மீனைப் பாரு."

அவள் மீனைப் பார்த்தாள். கட்டைவிரலை மேலுதட்டில் வைத்தாள். நகம் உட்கார்ந்தது. அவள் விரல் அங்கேயே நின்றது; தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. வாலிலிருந்து வயிற்றோரமாக விரலை ஓட்டினாள்.

"ஏறுமீன்தான்."

கண்ணாடியாரின் கட்டைவிரல் கையில் இல்லாத கிளிக்கரை ஒரு தடவை அமுக்கியது. ஆய்வாளர் அம்மா "அப்பாடா!" என்று சொல்லிப் படிவத்தைப் பூர்த்தி செய்யத் தன் அறைக்கு நடந்தார். மனைவி இன்னும் மீனைக் கீழே வைக்கவில்லை. வயிற்றை இரண்டு விரலால் அமுக்கினாள். முகம் மாறியது.

"எப்படிப் பிடிச்சீங்க?"

"மேல ஏற முடியாம தவிச்சிட்டிருந்தது. முகம் மேல்பக்கம் இருந்தது. ஆனா பின்னாலயே போச்சு."

"தவிக்கலைங்க. இறங்கி வந்திருக்கா. இதுங்க இறங்கறப்பவும் முகத்தை மேல்பக்கம்தான் வெச்சுக்கும்." வயிற்றை அவர் பக்கம் திருப்பினாள். பை போலத் தொங்கியது. "பாருங்க, காலி. மேல போய் முட்டை போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டிருந்தவளைப் பிடிச்சிருக்கீங்க."

அவர் காலிப் பெட்டிக்குள் பார்த்தார்.

"சரி, போனது போச்சு. இவ ஏறினப்ப நீங்க எங்க இருந்தீங்க? உங்க கண்ணாடியைத் தாண்டித்தானே போயிருப்பா?"

கண்ணாடியார் சட்டைப் பையில் கை விட்டார். ஒரு குட்டி நோட்டுப் புத்தகம். எட்டு வருடமாக மற்றவை கட்டத்தில் போட்ட ஒவ்வொரு மீனுக்கும் அதில் ஒரு வரி எழுதியிருந்தார். தேதி, நேரம், 'பொட்டு மூன்று போலத் தெரிந்தது', 'பொட்டு நாலோ?', 'வயிறு பருத்தது, தாழ்வாக நீந்தியது, உறுதியில்லை'. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். மெதுவாகப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் கூட்டல் இருந்தது.

"ஐம்பத்தேழு."

"தப்பாயிடுமோன்னு…"

"வயிறு பருத்து, தாழ்வா நீந்திப் போனா அவ சினை மீனுங்க. பாதியாவது இவளுகதான். ஐம்பத்தேழு வரி எழுதியிருக்கீங்க." அவள் குரல் தணிந்தது. பக்கத்து மேசைப் பெண்கள் மீனைப் பிரிப்பதை நிறுத்திக் காதைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேட்டேனே. வந்துச்சான்னு."

"உறுதியாத் தெரியாம எப்படிச் சொல்றது? ஒரு தடவை தப்பாச் சொன்னேனே."

"தப்பாச் சொன்னா என்ன? நான் என்ன அணையையா கொளுத்தினேன்? வந்தேன், பாத்தேன், போனேன்."

"போனியே" என்றார் கண்ணாடியார். "அதான்."

அவள் நோட்டுப் புத்தகத்தை மூடி, ஈரம் படாமல் தன் ஏப்ரனின் உள்பைக்குள் வைத்துக்கொண்டாள். திருப்பித் தரவில்லை.

"அன்னிக்கு ஆறரை பஸ்ஸை விட்டுட்டா எட்டு மணிக்கு இன்னொண்ணு இருந்துச்சு" என்றாள். "அதையும் விட்டா காலையில ஏழு மணிக்கு. இருன்னு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு டீயை எவ்வளவு மெதுவாக் குடிச்சேன் தெரியுமா? ஆறிப்போச்சு."

ஒன்பது வருடமாகப் பொட்டுகளை எண்ணிய கண்ணுக்கு அந்த டீ தெரியாமல் போயிருந்தது.

"இப்ப வரியா?" என்றார். வாயைவிட்டு வந்த பிறகுதான், இதை ஆணையில்லாமல் தானாகச் சொல்லிவிட்டோம் என்று பயந்தார்.

அவள் சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. "செத்துப்போனவளைக் காட்டியா கூப்பிடறீங்க? எனக்கும் இங்க பொறுப்பு இருக்கு. இந்த சீசன் முடியற வரைக்கும் நகர முடியாது." மேசைக்குத் திரும்பினாள். ஒரு மீனை இடப்பக்கம் எறிந்தாள். "அடுத்த வெள்ளத்துல, சந்தேகப்பட்டதை எல்லாம் ஏறுமீன் கட்டத்துல தைரியமாப் போடுங்க. தப்பு வந்தா வரட்டும். சொல்லியெல்லாம் அனுப்ப வேண்டாம். எப்ப வரணும்னு எனக்கே தெரியும். வெள்ளம் இறங்கினா கழிமுகத்துல எனக்குத்தான் முதல்ல வாசனை வரும்."

சான்றிதழ் வந்தது. சுவர் தள்ளிப்போடப்பட்டது. சிமெண்ட் மூட்டைகள் மேலேயே இருந்து மழையில் கல்லாகிப்போயின. அவற்றையே சுவராக வைத்துக்கொள்ளலாம் என்று மதகுக்காரர் யோசனை சொன்னார். துறையின் ஆண்டறிக்கையில் மீன்படியின் வெற்றி பற்றி இரண்டு பக்கம் வந்தது. அதில் உதவிப் பொறியாளரின் படம் பெரிதாக, மீனின் படம் சிறிதாக இருந்தது. அந்த மகிழ்ச்சியில் பொறியாளர் கேட்டார்.

"கண்ணாடியாரே, ஏதாவது வேணுமா? கேளுங்க. புது ஃபேன்?"

"கைப்பிடி, சார்."

பொறியாளர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். இந்த முறை யார் வருவார்கள் என்று கேட்கவில்லை.

கைப்பிடி வந்தது. பச்சை வர்ணம் அடித்தார்கள். கண்ணாடியார் அதைத் தொடாமலேயே ஏறி இறங்கினார். வர்ணம் தேயக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை போன் வழக்கம்போல வந்தது. மாத்திரை, மகள், கூரை. ஆனால் அவள் 'வந்துச்சா' என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அந்தக் கேள்வி இல்லாத மூன்று விநாடியில் அவர் ஒன்பது வருடத்தையும் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு அவளே, "சரி, வெச்சிடறேன்" என்பாள்.

அடுத்த வருடம் மழை ஒரு வாரம் பிந்தியது. ஆறு கலங்கியது. முதல் நாள், வயிறு பருத்து, தரையோடு தரையாகத் தாழ நீந்திய ஒன்று கண்ணாடியைக் கடந்தது. அவருடைய கட்டைவிரல் கிளிக்கரின் மேல் நின்றது. பழக்கம் அவரை மூன்றாவது கட்டத்துக்கு இழுத்தது. கண்ணை மூடிக்கொண்டு, ஏறுமீன் என்று சொல்லி அமுக்கினார். வானம் இடிந்து விழவில்லை. மத்தியானத்துக்குள் நாலு.

நாலு மணி பஸ் மேலே நின்று கிளம்பும் சத்தம் தினமும் கேட்பதுதான். அணையின் முப்பது பேருடைய காலடியும் அவருக்கு மனப்பாடம். பொறியாளரின் பூட்ஸ், மதகுக்காரரின் தேய்ந்த செருப்பு, தேநீர் கொண்டுவருபவரின் அவசரம். அன்றைக்கு இரும்புப் படியில் இறங்கியது இவற்றில் எதுவும் இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பதினோராவது படியில் நின்றது.

கைப்பிடியை யாரோ உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டிப் பார்க்கும் ஓசை.

"ஆடுது" என்றது குரல். "திருகாணி சரியா முறுக்கலை."

கண்ணாடியாரால் திரும்ப முடியவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியின் நடுவில் ஒரு வெள்ளி உடம்பு வந்து நின்றது. பொட்டு ஒன்று. இரண்டு. அது மினுக்கமா, பொட்டா என்று அவர் யோசிக்கவில்லை. யோசிப்பதை அன்று காலையோடு விட்டிருந்தார். அமுக்கினார்.

உப்பு வாசனை பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்றது. தரையில் ஒரு பை வைக்கப்படும் சத்தம் கேட்டது. பெரிய பை.

"இதுவரைக்கும் எத்தனை?"

"அஞ்சு" என்றார், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"நாலுதான். இது அணைமீன்" என்றாள் அவள். "நகருங்க, நானும் உக்காரறேன்."